முந்நூறு லிட்டர்

சாலிகிராமத்தில் விடிகாலை மூன்றரைக்கு
லாரித் தண்ணீர் வந்தது.
கேரவன் வயிற்றில் ஹோஸைச் சொருகிவிட்டு
டெரன்ஸ் டீ வாங்கப் போனான்.
உள்சுவரில் நாலு பச்சை விளக்கு.
நாலும் எரிந்தால் முந்நூறு லிட்டர்,
முந்நூறு லிட்டர் என்றால் முந்நூறு கிலோ.
நான் பள்ளிக்கூடம் போகாமலே
தெரிந்துகொண்டிருக்கக்கூடிய ஒரே கணக்கு.

"அங்கே போய் நிரப்பிக்கலாமே சார்,
டீசல் மிச்சம், கொக்கிக்கும் பாரம் குறையும்."
வரதராஜுலு சார் போனில் கொட்டாவி விட்டார்.
"கோவளத்துக் கிணறு உப்புய்யா.
மேடம் முகம் கழுவினா மேக்கப் திரியும்.
ரொப்பிக்கிட்டே போ."

நிறைகுடம் தளும்பாது என்று சொன்னவர்
குடம் தூக்கியிருக்க மாட்டார்.
விளிம்புவரை நிறைந்த குடம்
நாலாவது அடியில் இடுப்பை நனைக்கும்.
அந்தப் பழமொழி மூடி போட்ட தொட்டிக்கு.
நிறைந்த தொட்டி பாறை மாதிரி பின்னால் வரும்,
காலித் தொட்டி இருப்பதே தெரியாது.
பாதித் தொட்டிக்குத்தான் சொந்தப் புத்தி.
நான் இடது போனால் அது வலது போகும்,
நான் நின்று ஒரு நொடி கழித்து
வந்து முதுகில் இடிக்கும்.

கத்திப்பாரா ஏற்றத்தில் பொலீரோ முனகியது.
இறக்கத்தில் முந்நூறு கிலோவும்
போ போ என்று தள்ளியது.
வேளச்சேரி, பள்ளிக்கரணை, துரைப்பாக்கம்.
கண்ணாடியில் எங்கள் வெள்ளைப் பெட்டி
கோடு போட்ட மாதிரி.

செம்மஞ்சேரியில் டெரன்சுக்கு அவசரம்.
ஓரங்கட்டினேன்.
அங்கே ஒரு வரிசை.
ஆட்கள் குறைவு, குடங்கள் அதிகம்.
பச்சை, நீலம், ஆரஞ்சு, ஒரு பெயின்ட் டப்பா,
யாருக்கோ இடம் பிடித்திருந்த ஒரு செங்கல்.
லாரி வந்து மூன்று நாளாம்.

நைட்டிமேல் துண்டு போட்ட ஒருத்தி வந்து
விரலை மடக்கிப் பெட்டியைத் தட்டினாள்.
மேலே டங். நடுவில் டங்.
கீழே தட்டினாள், சத்தம் எழவில்லை.
"தண்ணி இருக்கு" என்றாள்.
அது கேள்வி இல்லை.

"நடிகை வண்டிம்மா இது."
"அவங்களுக்கு எத்தினி கொடம் வேணும், குளிக்க?"
டெரன்ஸ் சிரித்துவிட்டான்.
நானும் சிரித்தேன். அதுதான் தப்பு.

ஒரு குடம் என்றுதான் வடிகுழாயைத் திறந்தேன்.
யாரும் முண்டவில்லை.
செங்கல்லின் சொந்தக்காரி ஓடி வரும்வரை
அதன் முறையை நிறுத்திவைத்தார்கள்.
பத்தாவது குடத்தில் இரண்டாம் விளக்கும் அணைந்தது.
கை தானாக மூடியது.
மொத்தமும் கொடுத்தால் வேலை போகும்.
கொடுக்காமலே வந்திருந்தால் என்ன போயிருக்கும், தெரியாது.
பாதி கொடுத்தேன்.
பதினோராவது குடத்தைப் பிடித்திருந்த பையன்
குழாயைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

நாவலூரில் ஆரம்பித்தது.
ஸ்டியரிங்கில் முதலில் ஒரு சின்ன இழுப்பு.
பிறகு கண்ணாடியில் பெட்டி
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
ஆம்னி பஸ் ஒன்று கடந்த காற்றில் இன்னும் அதிகம்.
"பிரேக் போடுண்ணே!"
போட்டால் கவிழும்.
ஆடும்போது எதையும் மிதிக்கக் கூடாது,
காலை எடுக்க வேண்டும்,
பிடித்திருக்கும் கையை இறுக்கக் கூடாது.
அறுபது. நாற்பது. இருபது.
உள்ளே தண்ணீர் சுவருக்குச் சுவர்
போய்ப் போய் வந்தது.

ஷேர் ஆட்டோ எல்லாம் எங்களை முந்தின.
சாரிடம் சொல்ல ஆளுக்கொரு பொய் யோசித்தோம்.
குழாய் ஒழுகிடுச்சு, இது டெரன்ஸுடையது.
என்னுடையது அதைவிட மோசம்.

ஒன்றும் தேவைப்படவில்லை.
மேடத்துக்குக் காய்ச்சல், ஷூட்டிங் ரத்து,
பத்தரை மணிக்கு வண்டியைத் திருப்பச் சொன்னார்கள்.
விளக்கை யாரும் பார்க்கவில்லை.

செம்மஞ்சேரியில் மறுபடி ஓரங்கட்டினேன்.
லாரி வந்து போயிருந்தது.
ரோட்டில் ஈரம், அதில் ஒரு நாய் படுத்திருந்தது.
குடங்கள் இல்லை, ஆள் இல்லை.
செங்கல் மட்டும்
நாளைக்கு முதல் இடத்தில்.

இரண்டு விளக்கு எரிய
சாலிகிராமம்வரை இருபதிலேயே வந்தேன்.