கழிவு

முதலில் கண்டுபிடித்தது பீடிக்கடை தங்கதுரைதான்.
கட்டை உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"யக்கா, கைக்கு என்ன ஆச்சு?
வாய் மடங்கல. வயிறு தளந்து கெடக்கு."
பீடியைத்தான் சொன்னான்.
பாஸ்புக்கில் சிவப்பு மையில் எழுதினான்:
கழிவு முப்பத்தெட்டு.

முக்கூடலில் இதற்கு
அதைவிட நல்ல பெயர் யாரும் வைக்கவில்லை.
மாமியார், "மூஞ்சத் தூக்கி வச்சிருக்கா" என்றாள்.
உச்சிமாகாளி மதினி, ஆற்றங்கரையில்
எதையோ மிதித்திருக்கிறேன் என்று
கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள்.
வாப்பிக்கு லாரி ஓட்டுகிற அவர்
ரெண்டு ராத்திரி இருந்துவிட்டு
"ஒனக்கு என்னட்டி கொறை" என்று கிளம்பினார்.
பதில் வேண்டாத கேள்வி அது.

எனக்கும் பதில் தெரியாது.
நனைத்த இலைமேல் தகரத்தை வைப்பேன்.
கத்தரி திறந்தபடி நிற்கும்.
இலையின் நரம்புகளையே பார்த்திருப்பேன்
பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வந்து நிற்கும்வரை.
இன்னொரு நாள், சாம்பாரில் உப்புக் கூடியதற்கு
சட்டியோடு முற்றத்தில் எறிந்தேன்.
கோழிகள் ஓடிவந்து பருப்பைப் பொறுக்கின.
அதைப் பார்த்துச் சிரித்தேன், அப்புறம் அழுகை.
துணி மூட்டையோடு ஆற்றுக்குப் போய்
மூட்டையை அவிழ்க்காமல்
இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுவிட்டும் வந்திருக்கிறேன்.
அதை யாரிடமும் சொன்னதில்லை.

தர்ஷிகாவுக்கு ஏழு வயசு.
குற்றாலம் கூட்டிப்போகப் பள்ளிக்கூடத்தில்
இருநூறு ரூபாய் கேட்டிருந்தார்கள்.
அவள் என்னிடம் வரவில்லை.
சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு
மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள்.
"இன்னும் ரெண்டு வெள்ளை இருக்கு.
செவப்பு வரட்டும், அப்பம் கேக்கலாம்."
தனக்குத்தானே சொல்லிக்கொண்டு
அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அன்று ராத்திரி பாஸ்புக்கை விரித்தேன்.
அட்டை தொடங்கிய தேதிகளில்
காலண்டரில் புள்ளி வைத்திருந்தேன்.
வெள்ளை மாத்திரை தின்ற வாரங்கள்:
முப்பது, நாற்பத்தொன்று, முப்பத்தாறு.
சிவப்பு, அந்த இரும்புச்சத்து, தின்ற வாரம்: ஒன்பது.
மறு மாசமும் அப்படியே.
எதையும் தின்னாத காலத்தில்
ஐந்து. ஆறு. ஒரு தடவை மூன்று.

ஜெபகனி சிஸ்டர் நிமிராமலே சொன்னாள்,
"எல்லாருக்கும் ஒத்துக்கிட்டுத்தான இருக்கு?
மனசப் போட்டுக் கொழப்பாத."
பேசினால் தொண்டை அடைக்கும் எனக்கு.
அவள் ரெஜிஸ்தர்மேல் பாஸ்புக்கை வைத்தேன்.
நர்சிங் படிக்க அவளும் பீடி சுற்றித்தான்
பீஸ் கட்டினாளாம், எனக்கு அது அப்போது தெரியாது.
சிவப்பு எண்கள் வழியே அவள் விரல் இறங்கியது.
"கழிவு நாப்பத்தொண்ணா?" என்றாள்,
சாவு சேதி கேட்ட குரலில்.

பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
"இத நிப்பாட்டு. செவ்வாக்கெழம டாக்டரம்மா வருவாக.
காப்பர் டி போட்டுக்கிடலாம், அதுல இந்த மருந்து கெடையாது.
அப்பவும் தெளியலன்னா ஐகிரவுண்டுல
மனசுக்குன்னு டாக்டர் இருக்காக. வெக்கப்படாத.
அதுவரைக்கும் இத அவருகிட்ட குடு."

டீசல் வாசனையோடு வந்த மனுசன்
பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"நானா?"
"நீங்கதான்."
கொஞ்ச நேரம் காத்தாடியைப் பார்த்தார்.
பிறகு சட்டைப்பையில், லைசென்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இப்போது கழிவு பத்துக்குள் நிற்கிறது.
ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் இருபது.
அன்றைக்கும் அழுதேன். காரணம் இருந்தது,
அதை அழுது தீர்க்கவும் முடிந்தது.

தர்ஷிகா இன்னும் பழக்கத்தை விடவில்லை.
சாமி படத்துக்குப் பின்னால் துழாவுகிறாள்.
அட்டை இல்லை.
திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள்
எழுத்துக் கூட்டி வாசிப்பவளைப் போல.
நான் சுளகை மடியில் வைத்தபடி
அசையாமல் இருக்கிறேன்,
அவள் வாசித்து முடிக்கட்டும் என்று.