அம்பது ரூபாய்க்குக் கவலை

எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு.
உள்ளே இருப்பது என்னுடையது.
பின்பக்கம், குழாயடியை ஒட்டி,
ஒற்றை பர்னரும் ஒரு மண்சட்டியும் லூர்துநாதனுடையவை.
பதினோரு வருஷமாக
ஞாயிறு பூசை முடிந்து வந்ததும்
அவரே ஆய்வார், அவரே கொதிக்கவைப்பார்,
வெளியிலேயே முக்காலி போட்டுச் சாப்பிடுவார்.
பிறகு எலுமிச்சை மூடியால் விரல்விரலாகத் தேய்த்து
முகர்ந்து பார்த்து
மறுபடி தேய்த்து
அப்புறம்தான் நிலைப்படி தாண்டுவார்.
நான் கேட்டதில்லை.
வேண்டாமென்றும் சொன்னதில்லை.

கல்லூரியில் எனக்கு விலங்கியல் ஆய்வகத்தில் வேலை.
பார்மலினில் கிடக்கும் தவளையை எடுத்துத் தட்டில் வைப்பேன்,
சுறாக்குட்டி ஜாடியைத் துடைப்பேன்.
வீட்டில் மட்டும் மீன் ஆகாது.
"அது எப்படி சிவகாமி?" என்றார் ஒருதரம்.
அது படிப்பு, இது சாப்பாடு என்றேன்.
திருப்பாப்புலியூர்ச் சைவ வீட்டில் பிறந்தவளுக்கு
அதற்கு மேல் விளக்கம் தெரியாது.

ஆடியில், ஐஸ் கம்பெனியில், பாளம் சரிந்து
அவர் வலதுகையில் மூன்று விரல் நசுங்கின.
மாவுக்கட்டு. ஆறு வாரம்.
தயிர்சாதத்தை இடதுகை ஸ்பூனில் அள்ளி
"இதுவே போதும்" என்றார் முதல் ஞாயிறு.
"இதுவே போதும்" என்றார் இரண்டாம் ஞாயிறு.
மூன்றாம் ஞாயிறு ஒன்றும் சொல்லவில்லை.
பின்கதவைத் திறந்தார்,
காய்ந்து கிடந்த சட்டியைப் பார்த்தார்,
சாத்திவிட்டு வந்தார்.

முதுநகர் மார்க்கெட்டில்
முந்தானையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றவளை
அஞ்சலாட்சி விடவில்லை.
"கவலை வேணுமாம்மா?"
மீன்களின் லத்தீன் பேர் தெரியும் எனக்கு,
கடைப்பேர் தெரியாது.
"அம்பது ரூபாய்க்குக் கொடுங்க."
"அம்பதுக்கு நெறைய கவலை வரும், தாங்குவியா?"
கடை வரிசையே சிரித்தது. நானும்.
"முள்ளு ஜாஸ்தி, பாத்து"
என்று தலையைக் கிள்ளி வயிற்றைக் கீறிக் கொடுத்தாள்.

புளி தெரியும், மிளகாய் தெரியும், மாங்காய் தெரியும்.
உப்பு?
கரண்டியை வாய்வரை கொண்டுபோனேன், மூன்று தடவை.
மூன்று தடவையும் சட்டிக்கே திரும்பியது.
எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொரு கை போட்டேன்.
அந்நேரம் பார்த்து அக்கா போன்: என்னடி சமையல்?
கத்திரிக்காய் கொத்சு என்றேன்,
அவசரமாய்ச் சட்டியை மூடினேன்,
வாசனை போனில் போய்விடும்போல.

முக்காலியில் அவர். தட்டு அவர் மடியில்.
எதிரே பலகை போட்டு நான்.
ஆய்வகத்து இடுக்கி, உறை பிரிக்காத புதுசு,
கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்து வந்திருந்தேன்.
நடுமுள் ஒரே இழுப்பில் வந்தது.
பக்கமுள் மயிரிழை மயிரிழையாய்,
வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரிகிறது.
"என்ன, ஆபரேஷனா?"
பேசாமல் வாயைத் திறங்க என்றேன்.

நல்லா இருக்கா?
"ம்."
அடுத்த வாய்க்குத் திறந்தார்.
பொழுது சாய்வதற்குள்
ஐந்து சொம்பு தண்ணீர் குடித்தார். எண்ணினேன்.

சாப்பிட்டு முடித்ததும் எலுமிச்சை மூடியைத் தேடியெடுத்து
இடதுகையால் என் விரல்களைத் தேய்த்தார்.
முகர்ந்தார். மறுபடி தேய்த்தார்.
"போகலையே" என்றார், தப்புச் செய்தவர் மாதிரி.
மெதுவாப் போகட்டும் என்றேன்.

அப்புறம்தான் தட்டைக் கழுவினேன்.
அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது
நான் விட்டுவிட்ட ஒரு முள்,
நீளமாய், நுனி வளைந்து.
எந்த வாயில் குத்தியதோ,
நான் குனிந்திருந்த எந்த நொடியில் எடுத்தாரோ,
ஒற்றைக் கையால் எப்படி ஒளித்தாரோ.

அடுத்த ஞாயிறு
உப்பைக் குறைக்க வேண்டும்.