பல் தண்டவாளம்

வாரத்தில் ஐந்து நாள்
கோப்லென்ஸில் பல் கட்டுகிறேன்.
யார் யாருடைய கடைவாயோ
என் மேசையில் மெழுகாய்ச் சிரிக்கும்.
ஆறாம் நாள் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு
மோசல் பள்ளத்தாக்குக்கு வந்துவிடுவேன்,
சிரிக்காத எதையாவது பார்க்க.

இரவெல்லாம் மழை.
மலை முழுக்கப் பலகைக்கல்.
நனைந்தால் நீலம், காய்ந்தால் சாம்பல்.
கொடிக்கு ஒரு குச்சி,
குச்சியின் காலடியில் ஒரு கூடைக் கல்.
இதில் மண் எங்கே என்று குனிந்து பார்த்தேன்.
இருந்தால்தானே.

கூட வந்தவன் கேரெயோன்.
பேட்டரி வைத்த வண்டி, புதுசு.
"மேலே பார்க்கலாம்" என்றான்
முதல் கொண்டை ஊசி வளைவிலேயே.
அதைச் சொல்ல
அவனுக்கு மூச்சும் செலவாகவில்லை.

மூன்றாம் வளைவில் என் சங்கிலி நழுவியது.
பின்சக்கரத்தின் சின்னப் பல் ஒன்று
தேய்ந்து தேய்ந்து கொக்கியாகியிருந்தது.
முன்பே வந்திருக்கக் கூடாதா இந்த ஆள் என்று
எத்தனை அச்சுகளைப் பார்த்து முணுமுணுத்திருக்கிறேன்.
இறங்கித் தள்ளினேன்.
காலடியில் ஒரு கல் வழுக்கி
வரிசை வரிசையாய்க் குதித்துப் போனது,
ஆறு வரைக்கும் போயிருக்கும்.

அப்போதுதான் அது வந்தது.
ஒற்றைத் தண்டவாளம்,
அடிப்பக்கம் முழுக்கப் பல்.
அதைக் கடித்துக் கடித்து ஏறும்
தையல் மிஷின் அளவு என்ஜின்,
பின்னால் ஒரு தட்டு,
தட்டில் காலிப் பெட்டிகள்,
பெட்டிகளின் மேல்
காலைத் தொங்கப் போட்டபடி ஒரு பெண்.
அதுவும் நடக்கிற வேகம்,
நானும் நடக்கிற வேகம்.

"ஏற்று" என்றாள், என் வண்டியைக் காட்டி.
"வேண்டாம்."
தோளைக் குலுக்கினாள்.
பத்து வரிசை ஒன்றாகவே ஏறினோம்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்,
லிஃப்டில் நிற்பவர்களைப்போல.
என் 'வேண்டாம்' இரைக்கத் தொடங்கியது.
பதினோராம் வரிசையில்
அவளாகவே என்ஜினை நிறுத்தினாள்.
"ஏற்று."

பெயர் ரொடிகா.
பொட்டோஷானியிலிருந்து
ஒவ்வொரு செப்டம்பரும்.
பேருந்தில் ஒன்றரை நாள்.
சிரித்தபோது மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் இல்லை.
என் கண் தானாக அளவெடுத்தது:
ஏழரை மில்லிமீட்டர். நிறம், கொஞ்சம் தேன்.
பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"போன அறுவடையில் கல் தெறித்தது.
பல்லுக்கென்று பணம் கொடுத்தார்கள்.
கூரைக்குத் தகடு வாங்கிப் போட்டேன்.
வாயா ஒழுகப்போகிறது?"

உச்சியில் கேரெயோன்
பேட்டரியில் ஒரே ஒரு கோட்டோடு நின்றிருந்தான்.
பெட்டிகளுக்கு நடுவே நான் வருவதைப் பார்த்து
எதுவும் கேட்கவில்லை. நல்லவன்.
ரொடிகா ஒரு குலை கிள்ளித் தந்தாள்.
தோல் தடிமன், உள்ளே புளிப்பு,
புளிப்புக்குள் எங்கோ
மழை நின்ற கல்லின் ருசி.

இறங்கினேன்.
இதை எழுத வராது எனக்கு.
பிரேக்கை விட்ட கணத்தில் குச்சிகள் வேலியாயின,
வேலி சுவராயிற்று, சுவர் காற்றாயிற்று,
ஆறு எழுந்து முகத்துக்கு நேரே வந்தது.
ஒரு வளைவில் பின்சக்கரம்
என்னைக் கேட்காமலே ஒரு முடிவு எடுத்தது.
முழங்கால் சிராய்ப்பு, கையுறை கிழிசல்.
கத்தியது நான்தானா என்று
கேரெயோனிடம்தான் கேட்க வேண்டும்.
ஏற ஒரு மணி நேரம்.
இறங்க ஏழு நிமிடம்.

அந்த என்ஜின் மட்டும்
ஏறின அதே வேகத்தில்தான் இறங்குமாம்,
பெட்டி நிறைந்தாலும் காலியானாலும்.
ஆற்றங்கரையில் நின்று காதைத் தீட்டினேன்.
எங்கோ மேலே, நீலத்துக்குள்,
கடித்துக்கொண்டிருந்தது.

"ஐந்து பன்னிரண்டு ரயில்" என்றான் கேரெயோன்.
பையில் என் பட்டறை அட்டை ஒன்று இருந்தது,
ஓரம் மடங்கி, வியர்வையில் ஊறி.
எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.
கடைவாயில் ஒரு திராட்சை விதை சிக்கியிருந்தது.
நாக்கால் அதை நெம்பிக்கொண்டே நின்றேன்.
ரயில் பாலத்தைத் தாண்டுகிற சத்தம்.
வரவில்லை, இன்னும்.