கேக்குதா?

மழை விட்டு இரண்டு நாள்.
லயத்துத் தகரமும் ஓய்ந்துவிட்டது.
இடது காதில் மட்டும்
யாரோ ரோலரை நிறுத்த மறந்து
வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

பங்குனியில் தொடங்கியது.
வண்டு புகுந்ததாக்கும் என்று
தேங்காயெண்ணெய் விட்டு
ஒருக்களித்துக் கிடந்தேன் ஒரு ராத்திரி.
காலையில் எண்ணெய்தான் வந்தது வெளியே.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் டொக்டருக்குத்
தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம்.
எப்படிச் சத்தம் என்றார்.
ங்ஙீ… என்று மூக்கால் இழுத்துக் காட்டினேன்.
வரிசையில் நின்ற பிள்ளையொன்று சிரித்தது,
டொக்டரும் சிரித்தார்,
பிறகு சிரிக்காமல் எழுதினார்.

எதனால் என்றேன்.
அழுக்காக இருக்கலாம், பிரஷராக இருக்கலாம்,
நரம்பாக இருக்கலாம்.
அந்த ‘இருக்கலாம்’களை எல்லாம்
மஸ்கெலியா பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
இறங்கும்போது ஒன்றும் குறையவில்லை.

பதினாறு வருஷம் ரோலர் அறை.
காதுக்கு வைக்கச் சொல்லித் தந்த
செம்மஞ்சள் பஞ்சுக் கட்டையை
மூத்தவன் தூண்டிலுக்கு மிதப்பாகக் கட்டிவிட்டான்.
நன்றாகத்தான் மிதந்தது.
அதற்கு முன் மூன்று வருஷம்
முதுகில் மெஷினோடு மருந்தடிப்பு.
அதற்கும் முன்
ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டு
பெனடிக்ட் மாஸ்டர் விட்ட அறை.
ஐம்பத்தாறு, சேர்.
இப்போது சொல்கிறேன், கேட்க அவர் இல்லை.

பெரியப்பாவுக்கும் முதலில் காதுதான் இரைந்தது.
பிறகுதான் மண்டையில் கட்டி என்றார்கள்.
இதைத் தங்கேஸ்வரியிடம் சொல்லவில்லை,
டொக்டரிடமும்.

ஐப்பசியில் மண்சரிவுக் காரியாலயத்து ஆட்கள்
மேக்கணக்குக்கு வந்தார்கள்.
கோயில் வாசலில் எங்களை உட்காரவைத்துப்
படம் காட்டினார்கள்.
சுவர் வெடித்தால், மரம் சாய்ந்தால்,
ஊற்றுத் தண்ணீர் கலங்கினால்,
நிலத்துக்குள் சத்தம் கேட்டால்
நடுச்சாமம் என்றாலும் எழும்பி ஓடுங்கள்.
எல்லாரும் தலையாட்டினார்கள்.
நானும் ஆட்டினேன்,
தலைக்குள் அது ஆடாமல் நின்றது.

அன்றிலிருந்து தூக்கமில்லை.
சுவரில் காதை வைத்தால் சுவருக்குள் கேட்கிறது.
தரையில் வைத்தால் தரைக்குள்.
தலையணையில் வைத்தால்
ஒரு மலையே பஞ்சுக்குள் கிடந்து முனகுகிறது.

அவளை எழுப்புவேன்.
“கேக்குதா?”
“என்னா?”
“சத்தம்.”
பாதி எழும்பி, வாயைத் திறந்து,
நியாயமாகத்தான் கேட்பாள் அவள்.
“பீலில தண்ணி விழுவுது.
சின்னவனுக்கு மூக்கடைப்பு.
வேற ஒண்ணுமில்ல, படுங்க.”
ஒன்றுமில்லை என்று அவள் சொன்னால்
காதில்தான் இருக்கிறது, கட்டியாயிருக்குமோ என்று
விடியும்வரை பயப்படுவேன்.
இருக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்பது
அதைவிடப் பயம்.
இரண்டில் எது வேண்டும் என்று
ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

காலையில் பிரட்டுக்குப் போகும்போது
கொட்டாவி விட்டபடி போவாள்.
பேர் பதியும்போது
தூங்கிப்போய் நின்றாளாம் ஒருநாள்.
அதற்குப் பிறகு எழுப்புவதை விட்டேன்.
ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் திருப்பி
இரைச்சலுக்கு இரைச்சல் வைத்துப் படுத்தேன்.
பேட்டரி மூன்று நாளில் முடிந்தது.

இன்று நான் எழுப்பவில்லை.
கண்ணைத் திறந்தபோது
அவளே எழும்பி உட்கார்ந்திருந்தாள்,
சின்னவனின் முதுகில் கையை வைத்தபடி.

“ஏங்க, கேக்குதா?”

எதை என்று எனக்குத் தெரியவில்லை.
பீலிச் சத்தம் இல்லை.
இருந்திருக்க வேண்டும், இல்லை.
என் காது தன் பாட்டில் இரைந்துகொண்டிருக்க
அதற்குப் பின்னால், அதற்கு அடியில்,
கையால் விலக்கிப் பார்ப்பதுபோல்
தேடினேன்.

“கேக்குது” என்றேன்.
பொய்யில்லை.

மூத்தவனை உலுக்கிவிட்டு
செருப்பைத் தேடினோம்.
ஒன்றுதான் கிடைத்தது.