கடைசி வண்டிக்கு இடம்

ஹால்வார் ப்ரெக்கேவுக்கு ஐம்பத்திரண்டு வயது.
பதினான்கு பருவம் இடப்பக்கத் தடுப்பாட்டம்,
முந்நூற்றுச் சொச்சம் ஆட்டம்,
கோல் இரண்டு.
அதில் ஒன்று தன் வலைக்குள்.

இப்போது ஃபியோர்டைக் கடக்கும் படகில்
வண்டிகளை வரிசைகட்டி நிறுத்துகிறான்.
ஆரஞ்சு அங்கி, ஈரக் கையுறை,
இரண்டு திருகாணி போட்ட முழங்கால்.
கையைத் தூக்கினால்
மீன் லாரிகூட நிற்கும்.
எத்தனை முறை இதே கையைத் தூக்கி
ஆஃப்சைடு என்று கத்தியிருப்பான்,
கொடி எழாமல்.

ஒரு வோல்வோவின் கண்ணாடி இறங்குகிறது.
"நீங்கதானே அந்த..."
"நான்தான்.
இன்னும் அரை மீட்டர் முன்னால வாங்க."

அந்த இன்னொரு கோலை
யாரும் கேட்பதில்லை.
வடக்கே ஒரு சிறு மைதானம், அக்டோபர்,
மூடுபனியில் நடுக்கோடே தெரியவில்லை.
பந்து போன திசையில்
வலை சிலுசிலுத்த சத்தம் மட்டும்.
யார் அடித்தது என்று
அவனும்தான் கேட்டான்.
ஓடி வந்து மேலே விழுந்தவர்கள் சொன்னார்கள்.

இன்றும் அப்படியொரு பனி.
சங்கு ஊதியாகிவிட்டது.
ஹால்வார் சாய்தளத்தின் விளிம்பில் நின்று
இன்னும் ஒன்றுக்கு இடமிருக்கிறது, வா என்று
கையசைக்கிறான்.
எதிரே விளக்கு எதுவும் இல்லை.