பூச்சிய நுனி

புளியந்தீவில் குறுக்கு வீதி, இலக்கம் முப்பத்தொன்று.
மரபுரிமைப் பட்டியல் மீளாய்வு, மூன்றாம் வருகை.
முதல் தடவை மழை.
மறு தடவை வாகனத்துக்கு டீசல் இல்லை.

குழுவில் மூன்று பேர், எழுத நான்.
எனக்கு வாக்கு இல்லை.
முப்பது மீற்றர் நாடா இருக்கிறது,
மறுநுனி பிடிக்கத்தான் ஆளில்லை.
"கொண்டாங்க தம்பி" என்று
வீட்டுக்காரியே பிடித்தார்.

நேசமலர். மின்சார சபையில் காசாளராய் இருந்தவர்.
அவருடைய ஆட்சேபக் கடிதம் என் கோப்பில் முதல் தாள்.
நீல மை, அடியில் இரட்டைக் கோடு:
எனக்கு மகள்மார் இரண்டு பேர், வீடு ஒன்று.
மூத்தவளுக்குக் கீழ். இளையவளுக்கு
மேலே பிளாட் போட்டுக் கொடுக்கவேண்டும்.
பட்டியலில் ஏற்றினால் ஒரு செங்கல்லும் ஏறாது.
தயவுடன் நீக்கவும்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும்.
கொழும்பிலிருந்து வந்த கட்டடக் கலைஞருக்கு
அதை யாரும் சொல்லவில்லை.
அவர் விறாந்தை வளைவுகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.
பொறியியலாளர் நஸ்றுல்லா வடிகாலை மட்டும் பார்த்தார்.
அன்றாடோ, தச்சர் வீட்டுப் பிள்ளை,
வாசற்கதவில் மூக்கை வைத்து
"முதிரை. ஆணி ஒண்டும் இல்ல" என்றார்.
அதன்பின் நெடுநேரம் அவர் வாய் திறக்கவில்லை.

படிவத்தில் ஆறாம் நிரல், மாற்றங்கள்.
அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.
எழுபத்தெட்டு கார்த்திகை:
சூறாவளி கூரையைக் கழற்றி வாவிக்குள் வைத்தது.
பீலி ஓட்டுக்குப் பதில் அஸ்பெஸ்டஸ்.
தொண்ணூறு: பின்னறை யன்னல் இரண்டு எரிந்தன.
எப்படி என்று கேட்கும் நிரல் படிவத்தில் இல்லை.
மூத்தவளின் கலியாணம்: குசினிக்கு மாபிள்.

கட்டடக் கலைஞர் தொலைபேசியில் தட்டிக் கூட்டினார்.
"மூலத்தன்மை நாற்பத்திரண்டு வீதம்.
ஐம்பது இல்லாமல் பட்டியலில் நிற்காது.
உங்கள் விருப்பப்படியே நீக்கிவிடலாம், அம்மா."

அங்கே முடிந்திருக்கவேண்டும்.
நான் பேனையை மூடியும் விட்டேன்.

"நாற்பத்திரண்டா?"
காசு குறைவதைக் கண்டுபிடித்த காசாளரின் குரல்.
"எந்தக் கணக்கில நாற்பத்திரண்டு?"

ஒரு கையில் நாடா, மறு கையில் திறப்புக் கோர்வை.
சாமியறை அலுமாரியிலிருந்து சீதன உறுதி வந்தது,
மடிப்பெல்லாம் அறுந்து, பழைய முத்திரையோடு:
கதவு ஒன்பது, யன்னல் பதினாலு,
கிணற்றில் அரைப்பங்கு.
"ஒன்பதும் நிக்குதா இல்லையா, எண்ணுங்க."
எண்ணினோம். நின்றன.
கிணற்றடிக்கு இழுத்துப்போய்த்
தண்ணீர் அள்ளித் தந்தார்.
வாவி இருபது பாகம் தள்ளி, பங்குனி வெயில்.
நஸ்றுல்லா குடித்துவிட்டு
"உப்பே இல்ல" என்று இன்னொரு தரம் கை ஏந்தினார்.

கட்டடக் கலைஞர் திரும்பவும் கூட்டினார்.
கதவுகளுக்கு ஐந்து, கிணற்றுக்கு மூன்று,
உறுதிக்கு ஒன்று.
"ஐம்பத்தொன்று. வாழ்த்துகள்."

நேசமலர் சிரித்தார்,
வழக்கில் வென்றவர் சிரிக்கிறமாதிரி.
தேத்தண்ணித் தட்டத்தோடு வந்த இளையவள்
தட்டத்தை வைக்காமலே நின்றாள்.
"அம்மா" என்றாள்.
மறுகா ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
அன்றாடோ மட்டும் கதவைத் தடவியபடி
யாருக்கென்றில்லாமல்
"விட்டுக் குடுத்திருக்கலாம்" என்றார்.
எதை என்று நான் கேட்கவில்லை.

விறாந்தை நீளம் மிச்சம் இருந்தது.
பதினெட்டு மீற்றர் என்று எழுதி
சென்றிமீற்றருக்குக் குனிகையில்
அவர் பூச்சிய நுனியை விட்டார்.

தரை முழுக்கச் சீறி வந்து
நாடா என் சுட்டுவிரலை அறுத்தது.
பிளாஸ்ரர் ஒட்டியவரும் அவர்தான்.
"நோகுதா தம்பி" என்றார், என் முகம் பார்க்காமல்.

தீர்மானம்: ஒத்திவைப்பு.
காரணம்: அளவு முடியவில்லை.