ஈரப்பதம்

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்.
ஜவ்வரிசிச் சங்கத்தில்
மூட்டைக்குள் குத்தூசி விட்டு ஒரு பிடி எடுப்பேன்.
வெண்மை, பருமன், பிறகு ஈரம்.
அரை சதம் கூடினாலும் ஏலத்துக்குப் போகாது,
வெயிலில் கொட்டுங்கள் என்று திருப்பிவிடுவேன்.
ஆத்தூர்க்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டே காயவைப்பார்கள்.

ஐப்பசி ஞாயிறு, குப்பனூர்ச் சோதனைச்சாவடி.
மழைக்கு ஒதுங்கி நின்றவனை
"கையெழுத்துப் போடத் தெரியுமில்ல, சாட்சிக்கு வாங்க" என்றார்கள்.
பெஞ்சின்மேல் ஒரு சிமெண்டுச் சாக்கு, சொட்டிக்கொண்டு.
பக்கத்தில் தீர்த்தகிரி, இருபத்திரண்டு வயது,
ஏற்காட்டில் ஏதோ ஓம்ஸ்டேயில் தோசை சுடுபவன்.
அவன் சட்டையும் சொட்டிக்கொண்டிருந்தது.

காய்கறிக் கடைத் தராசு.
சாக்கைக் கழித்தார்கள். தண்ணீரைக் கழிக்கவில்லை.
ஒரு கிலோ நாற்பது கிராம்.
மகஜரில் என் பெயர் ஈரத்தில் கொஞ்சம் பரவியது.

ஒரு கிலோவுக்குள் என்றால் ஒரு வருடம்,
தாண்டிவிட்டால் பத்து வரைக்கும் போகும்.
இதை வக்கீல் நஸீமா சொன்னது பிறகுதான்,
நீதிமன்ற வாசலில், கரும்புச்சாறு குடித்தபடி.
நான் அங்கேயே மனக்கணக்குப் போட்டேன்.
பச்சை, காம்பு, மழை.
காய்ந்தால் முந்நூறு கிராம் தேறாது.
மீதி ஒன்பது வருடமும்
சேர்வராயன் மலையில் பெய்த மழை.

எடை போட்டதைப் பார்த்தீரா?
பார்த்தேன்.
கையெழுத்து உம்முடையதா?
என்னுடையது.
ஐயா, அந்த ஈரம்...
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்.
தட்டச்சு ஒரு நொடி நின்று
பிறகு அடித்தது: வேறொன்றும் இல்லை.

வெளியே வந்தால் அரசாங்கக் கடை.
பன்னிரண்டு மணிக்காகப் பத்துப் பேர் நிழலில்.
பாட்டிலில் எல்லாம் அச்சாகியிருக்கிறது,
எத்தனை சதம், எந்தத் தேதி, என்ன விலை, என்ன கேடு.
பத்து ரூபாய் கூடக் கேட்டால் சத்தம் போடலாம்.
என் தம்பி இதைக் குடித்துத்தான் செத்தான்.
அதனால் நல்லது என்று சொல்ல வரவில்லை.
அளந்து விற்றார்கள் என்கிறேன்,
அவ்வளவுதான்.

தினமும் அஸ்தம்பட்டிச் சிறைச் சுவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.
சிக்னலில் நிற்கும்போது ஒரு கிறுக்குத்தனம் தோன்றும்.
மலையிலிருந்து மூட்டைகள் வந்து இறங்குகின்றன,
ஒவ்வொன்றிலும் உரிம எண், பயிரிட்டவன் பெயர்.
பூஞ்சை இருந்தால் கழித்துவிடுகிறேன்.
வயது குறைந்தவனுக்கு இல்லை என்று பலகை தொங்குகிறது.
வரி கட்டிய சீட்டோடு வரிசையில் தீர்த்தகிரி,
முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்.
ஈரத்துக்கு என்று நான் எழுதிக் கழிக்கிறேன்.
அவன் மேசையைத் தட்டுகிறான்:
"நாற்பது கிராமுக்கு இவ்வளவு கெடுபிடியா சார்?"